கடித்து வைத்த ரொட்டி

எங்கள் தெருவில் பேவஃபா என்ற சொல்லை ஆண்பிள்ளை யாருக்கும் சொல்லி நான் கேட்டதில்லை. சாவு வீட்டில் உலகத்துக்குச் சொல்வார்கள். "உலகமே பேவஃபா, யாரோட நின்னுச்சு, இவரோட நிக்க" என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுவார்கள். கல்யாண வீட்டில் பாட்டுக்காரன் தன்னை விட்டுப் போனவளுக்குச் சொல்லுவான். ஒலிபெருக்கியில் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். பால் கறக்கும்போது உதைக்கிற மாட்டுக்குப் பக்கத்து வீட்டு மஸ்தூரா சொல்லுவாள். வஃபா என்றால் கொடுத்த சொல்லில் நிற்பது. அது இல்லாதவர் பேவஃபா. வசந்தம் வந்தால் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் ரஷ்யாவுக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். சிலர் திரும்புவதில்லை. அவர்களுக்கு வேறு சொற்கள் வைத்திருந்தோம். பாவம், உழைக்கிறான். பாவம், குளிரில் கிடக்கிறான்.

இக்பாலாய்க்கு அந்தச் சொல் சொல்லப்பட்டபோது நானும் அங்கே நின்றிருந்தேன்.

என் வீட்டுக்கு எதிரே வாய்க்காலைத் தாண்டினால் இனாபத்தின் நீல கேட். கோக்கந்து நகரத்துக்குப் போகும் சாலையிலிருந்து நான்காவது வீடு. இனாபத் என் வயதுக்காரி, என்னைப் போலவே புருஷன் செத்துப் போனவள். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருப்பது எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை. இனாபத் அப்படியில்லை. ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும்.

அவளுடைய மகன் தில்முராத்துக்கு இக்பாலாயைக் கட்டி வைத்தது ஏழு வருஷத்துக்கு முந்திய குளிர்காலத்தில். கல்யாணத்து நாற்பது நாள் முடிந்து மூன்றாவது நாள் அவன் ரஷ்யாவில் இருக்கும் சமாராவுக்குக் கிளம்பினான். கட்டட வேலை. அன்று விடிந்ததும் இக்பாலாய் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த முள் அச்சால் ரொட்டியின் நடுவில் குத்தி, பால் தடவி, எள் தூவி, தந்தூர் அடுப்பில் அறைந்து எடுத்தாள். அந்த அச்சில் வெளி வட்டத்து முள் மூன்று உதிர்ந்திருந்தது. அதனால் அவள் சுடும் ரொட்டியில் வட்டம் ஒரு பக்கம் திறந்தே இருக்கும், பல் போன வாய் மாதிரி. தில்முராத் கேட்டருகில் நின்று ரொட்டியை ஒரு கடி கடித்துக் கொடுத்துவிட்டு வண்டியேறினான். இனாபத் அதை வெள்ளைத் துணியில் கட்டி விருந்தினர் அறைச் சுவரில், கை எட்டாத உயரத்தில், ஆணியில் மாட்டினாள். கடித்தவன் வந்து மிச்சத்தைத் தின்னும் வரைக்கும் அது அங்கேதான் இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அந்த வீட்டை நிறுத்தியது இக்பாலாய்தான். விடியுமுன் தெரு வாசலில் தண்ணீர் தெளித்துப் பெருக்குவாள். பிறகு மாவு. பருத்திக் குச்சியைப் போட்டு அடுப்பை வெளுக்கக் காய வைத்து, பஞ்சுத் திண்டில் ரொட்டியை வைத்துத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு அறைவாள். முழங்கைக்குக் கீழே அவளுக்கு முடியே கிடையாது. எல்லாம் பொசுங்கிப்போனது. சாலையோரம் தள்ளுவண்டியில் போர்த்தி வைத்து விற்பாள். லாரிக்காரர்கள் நிறுத்தி வாங்குவார்கள். மைத்துனன் கல்யாணம், கூரைத் தகரம், இனாபத்தின் கண் ஆபரேஷன், எல்லாம் அந்த அடுப்பிலிருந்து வந்ததுதான். தில்முராத் முதலில் மாதம் ஒருமுறை போன் பேசினான். பிறகு நோன்புப் பெருநாளுக்குப் பேசினான்.

"என் மருமக வஃபான்னா வஃபா" என்பாள் இனாபத், யார் வந்தாலும். "ஆறு வருஷம். முகம் சுளிச்சிருப்பாளா?"

இக்பாலாய் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து, பின்பக்கமாகவே நடந்து வெளியே போவாள்.

போன இலையுதிர்காலத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் பருத்தி எடுக்கப் போக வேண்டும் என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். நான் முழங்காலைக் காட்டி டாக்டர் சீட்டு வாங்கிவிட்டேன். இனாபத் மருமகளை அனுப்பினாள். நாற்பது நாள். போகிறதுக்கு முந்திய நாள் இக்பாலாய் இரண்டு அடுப்பு ரொட்டி சுட்டு அடுக்கி வைத்துவிட்டுப் போனாள், மாமியார் மாவு பிசைந்து கஷ்டப்படக் கூடாதென்று.

மூன்றாவது நாள் மத்தியானம் கோக்கந்திலிருந்து ஒரு டாக்சி வந்து நீல கேட்டருகில் நின்றது. தில்முராத் இறங்கினான். பருத்திருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை இறங்கியது. நாலு வயதிருக்கும். மஞ்சள் முடி. இனாபத்தைப் பார்த்து ரஷ்ய மொழியில் பாட்டி என்று கூப்பிட்டது. இனாபத் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ நாளாகத் தெரிந்தே இருந்தவளின் அழுகை அது. திடுக்கிட்டு அழுகிறவள் அப்படி அழ மாட்டாள்.

மறுநாள் எங்களை எல்லாம் பிலாவுக்குக் கூப்பிட்டாள். ஏழெட்டுப் பெண்கள். ஆட்டு வாலின் கொழுப்பு உருக்கி, மஞ்சள் காரட்டும் கொண்டைக்கடலையும் போட்டு, அரிசி ஒவ்வொன்றும் தனியாக நிற்கும் பிலாவ். தில்முராத் எங்கள் முன்னால் ஆணியிலிருந்து துணி மூட்டையை எடுத்தான். ரொட்டி கல்லாகியிருந்தது. அம்மிக் குழவி மாதிரி ஒரு கல்லால் தட்டி உடைத்துக் கொதிக்கிற தேநீரில் போட்டுப் பொறுமையாகத் தின்றான். தின்னாமல் விட்டால் கெடுதல் வரும். இனாபத் அதில் எல்லாம் சரியாக இருப்பாள். ஒரு துணுக்குக்கூட மிச்சம் விடவில்லை. சீசாக் கழுவுகிற மாதிரி கிண்ணத்தில் தேநீர் ஊற்றி அலசிக் குடித்தான்.

சாப்பிட்டு முடித்ததும் இனாபத் ஒரு ரொட்டியை எடுத்துத் துணி விரிப்பின் நடுவில் வைத்தாள்.

"எல்லாரும் இதுல கைய வையுங்க. அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்தப் பொண்ணு தாங்க மாட்டா."

"நம்ம வாயில இருந்து ஏன் வருது" என்றாள் மஸ்தூரா, விரலில் ஒட்டிய கொழுப்பை நக்கியபடி. "ஆம்பள பிள்ள. தூர தேசம். சாப்பாடு போட ஒருத்தி வேணும்ல."

"சொல்லுங்க. சொன்னா ரொட்டி அடிக்கட்டும்னு சொல்லுங்க."

ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். நானும் சொன்னேன். அது இக்பாலாய் சுட்ட ரொட்டி. உதட்டில் கொழுப்பு உறைந்து மெழுகு மாதிரி இருந்தது. அன்று சாயங்காலம் வெந்நீரால் மூன்று தடவை வாய் கொப்பளித்தேன். போகவில்லை.

வந்த நான்காவது நாள் அவர்கள் கிளம்பிப் போனார்கள். குழந்தையின் ஒரு செருப்பைக் காணோம் என்று தேடினார்கள். கிடைக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டே தில்முராத் ஒரு ரொட்டியைக் கடித்துத் தாயிடம் கொடுத்தான்.

நவம்பரில் இக்பாலாய் திரும்பி வந்தாள். விரல்கள் எல்லாம் பருத்திக்காய் ஓடு கிழித்து வெடித்திருந்தன. இருமல் வேறு. அப்படியும் அடுப்புக்கு ஆகுமென்று ஒரு கட்டுப் பருத்திக் குச்சியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தாள். நாங்கள் எல்லாரும் போய்க் கட்டிக்கொண்டு முத்தமிட்டோம்.

"ரொட்டி பத்துச்சாம்மா?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

"பத்தாம என்ன. நான் ஒருத்தி எவ்வளவு திங்கப்போறேன்."

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மஸ்தூரா மட்டும் என் இடுப்பில் கிள்ளினாள். அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒரு தெருவே சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடித்த சந்தோஷம்.

மார்ச் தொடக்கத்தில், மேலே தண்ணீர் திறந்துவிடும் முன்னால், அவரவர் வாசல் வாய்க்காலைத் தூர் வாருவது வழக்கம். என் முழங்காலைப் பார்த்து என் பக்கத்தையும் இக்பாலாயே வாரினாள். சேற்றிலிருந்து ஒரு சின்னச் செருப்பை எடுத்தாள். ரோஸ் நிறம், வாரில் பிளாஸ்டிக் பூ.

"யாரு குழந்தையோடது இது?"

"தண்ணில வந்திருக்கும்" என்றாள் மஸ்தூரா. "மேல் தெருவுலதான் வீட்டுக்கு ஆறு பெத்துப் போட்டிருக்காளுங்களே."

"போன தண்ணில வந்ததுன்னா இந்நேரம் தேடியிருப்பாங்க. பாவம், ஒத்தச் செருப்போட என்ன பண்ணுச்சோ." அதைக் கழுவி என் வீட்டு மதில் மேல் வைத்தாள். "உங்க வீட்டுப் பக்கம்தானே அக்கா எல்லாப் பிள்ளைகளும் வரும். யாராவது கேட்டாக் குடுத்துடுங்க."

நான் சரி என்றேன். அதை எடுத்து எறிந்திருக்கலாம். எறியவில்லை. தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து, நவ்ரோஸ் வருஷப் பிறப்புக்காக வெள்ளையடிக்கிற நாளில், கை முழுக்கச் சுண்ணாம்போடு அவள் என் வீட்டுக்கு வந்தாள். வெளியே சர்க்கரை பாதாமி மரங்கள் பூத்து, தூறலில் பூ எல்லாம் தரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலைத்துணிக்குள் எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். என் துணி விரிப்பில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள்.

"கண்ணாடி போட்டுக்கங்க அக்கா."

போட்டுக்கொண்டேன்.

"சுவத்துக்கு அடிக்கணுமேன்னு ஏணி போட்டு இறக்குனேன். துணி பழசாயிருக்குமே, மாத்திக் கட்டலாம்னு பிரிச்சேன். துணி புதுசா இருக்கு." அவள் குரல் ரொட்டிக் கணக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாக இருந்தது. "இத யாரு சுட்டதுன்னு சொல்லுங்க."

நடுவில் எட்டு இதழ்ப் பூ. அம்மா வீட்டு அச்சின் பிடி உடைந்துபோய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோக்கந்துச் சந்தையில் அவள் வாங்கிய புது அச்சு அது. சுற்றிலும் வட்டம் முழுசாக இருந்தது.

"நீதான்" என்றேன்.

"ஆமா. கடிச்சது அவரு. இங்க பாருங்க, இந்தக் கோணப் பல்லு." பல் தடத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு விரலை வைத்தாள். "நாப்பது நாள் ஒரு தட்டுல சாப்பிட்டிருக்கேன். இதுகூடத் தெரியாதா."

நான் தேநீர் ஊற்றினேன். எங்கள் வழக்கப்படி அதைத் திரும்பக் கூஜாவில் ஊற்றினேன். மறுபடியும் ஊற்றினேன். மூன்றாவது தடவையும் செய்தேன். அவள் காத்திருந்தாள்.

"பருத்திக்குப் போனப்பவா அக்கா?"

கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"என் ரொட்டிதான் சாப்பிட்டாரா எல்லா நாளும்?"

"நான் ரொட்டி மேல கை வச்சுச் சொல்லியிருக்கேம்மா" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்க முடியாது. கோபம் இல்லை அதில். தட்டில் விழுந்த எதையோ பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற சிரிப்பு.

"உங்களையுமா? எத்தன பேரு அக்கா?"

கண்ணாடியைக் கழற்றித் தலைத்துணி ஓரத்தில் துடைத்தேன்.

"அப்ப எல்லாருமே. மஸ்தூரா அக்காவா? அவங்க எப்படி அஞ்சு மாசம் வாய மூடிக்கிட்டிருந்தாங்க? வயித்துல வலி வந்திருக்குமே." கிண்ணத்தை எடுக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். மதில் மேல் அந்த ரோஸ் செருப்பு தூறலில் நனைந்துகொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் போய்ப் பொருந்துவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொம்பளப் புள்ளையா" என்றாள்.

தலையை ஆட்டினேன். வாயால் சொல்லக் கூடாது என்றுதான் சத்தியம். அந்த மாதிரி ஒரு கணக்கு எனக்குள் ஓடியது.

"அம்மாவுக்கு இது பொய்னு தோணல பாருங்க அக்கா. பொய் சொல்றவங்கன்னா பழைய ரொட்டியையே விட்டிருப்பாங்க. இல்லாட்டி தானே ஒரு கடி கடிச்சு மாட்டியிருப்பாங்க. அதுக்குப் பயம். சாஸ்திரம் தப்பக் கூடாது. வந்தவன் தின்னாகணும், போறவன் கடிச்சாகணும். என்னை ஏமாத்துறதுக்கு மட்டும் பயம் இல்ல." ரொட்டியைத் திரும்பத் துணியில் வைத்து, முன்பு இருந்தது போலவே இரட்டை முடிச்சுப் போட்டாள். "சுண்ணாம்பு காஞ்சிடும். போறேன்."

மிச்சம் இரண்டு அறைக்கும் அவள் அன்றே வெள்ளையடித்து முடித்தாள். மூட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். மறுநாள் வழக்கம் போல் அடுப்பு மூட்டி, சொல்லி வைத்தவர்களுக்கெல்லாம் சுட்டுக் கொடுத்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு மாமியாரிடம் சொன்னாள், அம்மா வீட்டுக்குப் போகிறேன், இனி வர மாட்டேன் என்று.

இனாபத் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

"எவடி சொன்னது? எவ வாய்ல புழு வச்சது?" எங்கள் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தாள்.

"யாரும் சொல்லல. ரொட்டி சொல்லுச்சு" என்றாள் இக்பாலாய். ஒரு பெட்டியும் ஒரு துணி மூட்டையும் காலடியில் இருந்தன. மூட்டையிலிருந்து பஞ்சுத் திண்டின் ஓரம் வெளியே தெரிந்தது.

"உன்ன என்னைக்காவது மருமகளா நெனச்சிருக்கேனா? மகளா வச்சிருந்தேன். உன் மனசு நோகக் கூடாதுன்னுதானே மறைச்சேன். அவனும் உன்ன விட்டுட்டேன்னு சொல்லலையே. தலாக்குன்னு வாய தெறந்தானா? இருடின்னுதான் சொன்னான். அம்மாவப் பாத்துக்கட்டும்னு சொன்னான்."

"சொல்லுவாரு."

"நம்ம ஊருல எத்தன பொம்பளைங்க இப்படி இருக்காங்க. சௌக்கியமா குடும்பம் நடத்தல?" என்றாள் மஸ்தூரா. "நீ என்ன மகாராணியா? அங்க ஒண்ணு இருந்தா இருந்துட்டுப் போகுது. இங்க வீடு உன்னோடதுதானே."

"வீட்ட நீங்க வச்சுக்கங்க அக்கா. அடுப்பு சூடாத்தான் இருக்கு."

"இந்த வீட்டு உப்பத் தின்னுட்டு..." என்று இனாபத் தொடங்கினாள்.

"உப்பு நான்தானேம்மா போட்டேன், தெனமும். மாவுல."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். இனாபத் முகத்தைத் தலைத்துணியில் துடைத்தாள். பிறகு உள்ளே ஓடிப்போய் ஒரு ரொட்டியோடு வந்தாள். நேற்றுச் சுட்டதில் மீந்தது. இரண்டு கையாலும் நீட்டினாள்.

"கடிச்சுக் குடுத்துட்டுப் போ. உன் அம்மா வீட்டுல பத்து நாள் இரு, இருபது நாள் இரு. கோவம் ஆறட்டும். அவனோடதுக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி அடிக்கிறேன். கடி கண்ணு. எனக்காக."

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. அது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடித்துவிட்டால் போதும், எல்லாருக்கும் நிம்மதி. நானும் உள்ளுக்குள் கடித்துவிடு, கடித்துவிடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இருந்தால் நாங்கள் செய்தது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியதாக ஆகிவிடும்.

இக்பாலாய் ரொட்டியை வாங்கினாள். முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பூ அச்சின் மேல் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள். முழுசாகவே திரும்ப மாமியார் கையில் வைத்தாள்.

"கடிச்சா வரணும்மா. நான் வரப்போறதில்ல. பொய்யாக் கடிக்க எனக்குத் தெரியாது."

குனிந்து, கையை நெஞ்சில் வைத்து, மருமகள் எப்படிப் போக வேண்டுமோ அப்படியே மூன்று அடி பின்னால் நடந்தாள். அதற்குப் பிறகு திரும்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு நடந்தாள். மதிலருகில் வந்தபோது செருப்பை ஒரு தரம் பார்த்தாள். தொடவில்லை. என்னைப் பார்க்கவில்லை.

அவள் மினி பஸ்ஸில் ஏறினாள். பஸ் போன பிறகு மஸ்தூரா துப்பினாள்.

"பேவஃபா."

"ஆறு வருஷம் வளர்த்தேன்" என்றாள் இனாபத். "பேவஃபா. ஒரு கடி கடிக்க மாட்டேனுட்டாளே."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நான் அப்பவே நெனச்சேன்."

"எவனாவது லாரிக்காரன் இருப்பான்."

சொல் கை மாறிக்கொண்டே போனது. ஒவ்வொருத்தியும் அதை வாயில் போட்டு எச்சில் பண்ணி அடுத்தவளிடம் கொடுத்தாள். கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவள், முப்பது வருஷம் புத்தகத்துக்கு நடுவில் இருந்தவள், ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று. தலையை மட்டும் ஆட்டினேன். வாயால் சொன்னால்தானே.

இனாபத் கையில் அந்த ரொட்டி அப்படியே இருந்தது. யாரும் கடிக்காததை ஆணியில் மாட்ட முடியாது. போகிறவளுக்கென்று எடுத்ததைத் திரும்ப ரொட்டிப் பானையில் வைக்கவும் கூடாது. ரொட்டியை எறிவது பாவம். அவள் அதைத் துண்டு துண்டாகப் பிய்த்து, வாசலில் நின்ற எங்களுக்குப் பகிர்ந்தாள். வலது கையை நீட்டி வாங்கிக்கொண்டோம். பிஸ்மில்லா சொன்னோம். நின்ற இடத்திலேயே மென்றோம்.

ஒரு நாள் பழசு. ஆனாலும் ஓரம் மொறுமொறுப்பாக, நடு மெத்தென்று, உப்பு அளவாக இருந்தது. பல்லிடுக்கில் எள் மாட்டியது. இனாபத்தின் உள்ளங்கையில் கடைசித் துண்டு ஒன்று மீந்திருந்தது.

"யாருக்கு வேணும்?" என்று கேட்டாள்.

நான் கையை நீட்டினேன்.